முதலில் இறங்கி நடங்கள்: சானி கணவாய்க்கு மேலே மூன்று நாள்

வண்டியை நிறுத்திவிட்டு எல்லோரும் இறங்குங்கள் என்றார் வழிகாட்டி. எதிரே ஐம்பது அடி நீளத்துக்குப் பாறை படிபடியாக ஏறிக் கிடந்தது. கறுத்த பசால்ட் பாறை, இடையிடையே ஓடைத் தண்ணீர் கசிந்து பளபளத்தது. "யாரும் இப்போது ஓட்ட வேண்டாம். நடந்து மேலே போய்விட்டு வாருங்கள். முன்சக்கரம் எந்தக் கல்லில் ஏறும், பின்சக்கரம் எதில் ஏறும் என்று எனக்குச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வண்டியில் ஏறலாம்" என்றார். பதினொரு வண்டி ஆட்களும் வரிசையாகக் கல்லில் கால் வைத்து நடந்தோம். என் மாமனாருக்கு எழுபத்தொரு வயது. அவரும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மேலே வரை போய்த் திரும்பினார்.

தென்னாப்பிரிக்காவிலிருந்து சானி கணவாய் வழியாக, அதற்குள்ளேயே இருக்கும் சின்ன மலைநாடான லெசோட்டோவுக்கு, சொந்த வண்டியை நாமே ஓட்டிப்போகும் பயணம் இது; கூட வழிகாட்டிகள் வருவார்கள். இந்த ஒரு பழக்கத்துக்காகவே நாங்கள் கட்டிய 5,800 ராண்ட் தகும் என்று நினைக்கிறேன். வண்டி ஒன்றுக்கு அந்தத் தொகை; டீசலும் சாப்பாடும் தனி. குறைகளும் இருந்தன, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நடத்தியது ஒரு சிறிய நிறுவனம். பெயரை இங்கே போடவில்லை. குறைகளை எழுதி அனுப்பியதும், திருத்திக்கொள்கிறோம் என்று ஒவ்வொன்றாகப் பதில் எழுதினார்கள். அப்படிப்பட்டவர்களை ஒரு பயணத்தை வைத்து எடை போடுவது சரியில்லை. ஆனால் நீங்கள் வேறு யாரிடம் பதிவு செய்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இதில் இருக்கின்றன.

நான் போடிநாயக்கனூர்க்காரன். டர்பனுக்கு வேலைக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. மனைவி இங்கேயே பிறந்தவள். கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்தவர்களின் வழி, டர்பனில் இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வர்த்தில் வளர்ந்தவள். மலைப்பாதை எனக்குப் புதிதில்லை. போடிமெட்டு வளைவுகளில் பேருந்து திரும்பும்போது கண்ணை மூடிக்கொண்டு வளர்ந்தவன். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் ஜீப்பில் உட்கார்ந்து போவதும், அந்தப் பாதையில் நாமே ஸ்டியரிங்கைப் பிடிப்பதும் வேறு வேறு.

செப்டம்பர் 24 இங்கே பாரம்பரிய தினம், அரசு விடுமுறை. அதோடு இரண்டு நாள் லீவு சேர்த்துக்கொண்டோம். ஒரு பக்கம் அது நாடே அடுப்பு மூட்டி இறைச்சி சுடும் நாள். இன்னொரு பக்கம் எங்களுக்குப் புரட்டாசி. டர்பன் தமிழர் வீடுகளில் புரட்டாசி விரதம் எவ்வளவு கண்டிப்பானது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். தமிழ் பேச்சு மறந்துபோன வீடுகளில்கூட அந்த மாதம் கறிச்சட்டி பரணுக்குப் போய்விடும். இந்தச் சாப்பாட்டு விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். கிளம்பும் முன் மாமா பக்கியின் நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். பக்கி என்றால் இந்த ஊரில் பிக்கப் வண்டி. எங்களுடையது டீசல் ஹைலக்ஸ், நான்கு கதவு. பீட்டர்மரிட்ஸ்பர்க், ஹோவிக், பிறகு ஆர்-617 சாலையில் புல்வர் வழியாக அண்டர்பெர்க். ஹிமேவில் போய்ச் சேரும்போது ட்ராக்கன்ஸ்பெர்க் மலை முழுவதும் வெயிலில் தெரிந்தது. சுலு மொழியில் அதை உகாஹ்லாம்பா என்கிறார்கள், ஈட்டிகளால் ஆன அரண் என்று பொருள். அந்தக் காலை வெளிச்சத்தில் பார்த்தால் வேறு பெயர் வைக்கத் தோன்றாது.

அங்கேதான் முதல் குறை. வங்கிக் கடனில் இருக்கும் வண்டியை எல்லை தாண்டி லெசோட்டோவுக்குக் கொண்டுபோக வங்கியின் அனுமதிக் கடிதம் வேண்டும். அதை நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சலில் நான்காவது பக்கத்தில், மற்ற பத்து விஷயங்களோடு சேர்த்துப் போட்டிருந்தார்கள். ஒரு குடும்பம் அதைப் பார்க்கவே இல்லை. சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். அவர்களுடைய வண்டியை ஹிமேவிலிலேயே விட்டுவிட்டு வேறு இரண்டு வண்டிகளில் பிரித்து ஏற்றினார்கள். பன்னிரண்டாக வந்த வண்டி பதினொன்றாக ஆனது அப்படித்தான். அந்தத் தகப்பன் மூன்று நாளும் மற்றவர் வண்டியில் விருந்தாளியாக உட்கார்ந்து வந்ததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. பாஸ்போர்ட், வங்கிக் கடிதம், காப்பீடு இந்த மூன்றையும் தனியாக ஒரு தாளில், பெரிய எழுத்தில் அனுப்ப வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டில் இருப்பவர்கள் லெசோட்டோ விசா விதியையும் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காற்று இறக்குவதை அங்கேயே சொல்லிக்கொடுத்தார்கள். தார்ச் சாலையில் டயரில் காற்றழுத்தம் 2.2 பார் வைத்திருந்தோம், அதை 1.6-க்குக் கொண்டுவர வேண்டும். நம்மில் பல பேர் நினைப்பது என்ன, கல் பாதைக்கு டயர் கல்லு மாதிரி இருக்க வேண்டும் என்று. நேர் எதிர். வழிகாட்டி என் கையைப் பிடித்து டயரின் பக்கவாட்டில் வைத்தார். காற்று உஸ்ஸென்று போகப் போக ரப்பர் மெதுவாக உப்பியது. "இப்போது இது கல்லைப் பிடித்துக்கொள்ளும். முன்னால் கல்லில் பட்டுத் துள்ளியது. ஆனால் இந்தப் பக்கவாட்டுச் சதைதான் இனிமேல் உன் பலவீனம், கூரான கல்லில் இதை உரசாதே" என்றார். அன்று சாயங்காலமே அது எங்களுக்குப் புரியப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

சானி கணவாயைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடி ஏறக்குறைய 1,544 மீட்டரில் இருக்கிறது, உச்சி 2,876 மீட்டர். இடையில் இருப்பது எட்டொன்பது கிலோமீட்டர் பாதைதான். ஃபோர் பை ஃபோர், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் வசதி, இல்லாத வண்டியைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். 1948-இல் காட்ஃப்ரி எட்மண்ட்ஸ் என்பவர் முதன்முதலாக இதில் ஜீப்பை மேலே ஏற்றினார். அதுவரை கழுதைகளும் கோவேறு கழுதைகளும் கம்பளி மூட்டைகளைச் சுமந்து இறங்கிய தடம் இது. கடைசி வளைவுகளில் ஒன்றுக்கு ஐஸ் கார்னர் என்று பெயர். வெயில் படாத மூலை, குளிர்காலத்தில் அங்கே பனி உறைந்து கண்ணாடியாக நிற்கும். நாங்கள் போனபோது சேறு மட்டும்தான். வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்சில் முதல் கியர், இரண்டாவது கியர், அவ்வளவுதான். முன்னால் போகும் வண்டி வளைவைக் கடந்து முடிக்கும் வரை பின்வண்டி நகரக் கூடாது என்ற விதியை வழிகாட்டிகள் ஒரு தடவைகூட விட்டுக்கொடுக்கவில்லை. ஏற்றத்தில் எஞ்சின் நின்றுபோனால் கிளட்சை மிதித்துப் பின்னால் உருளக் கூடாது, பிரேக்கைப் பிடித்து, ரிவர்ஸ் கியரில் போட்டு, நேராக இறங்க வேண்டும் என்பதைக் கீழேயே சமதரையில் ஒவ்வொருவரையும் செய்ய வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் போன பெண்மணிக்கு நான்காவது வளைவில் எஞ்சின் நின்றது. கீழே பழகியதை அப்படியே செய்தார், ஒரு சத்தமும் இல்லை. மறுபடி எடுத்து ஏறிவிட்டார்.

உயரம் ஏற ஏற வண்டிகளின் குணம் தெரிந்துவிடும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் சக்தியை இழக்கும், காற்று மெலிந்துவிடுவதால். எங்கள் கூட்டத்தில் ஒரு ஜிம்னி இருந்தது, 1.5 லிட்டர் பெட்ரோல். ஏற்றத்தில் அது மூச்சு வாங்கியது உண்மை. ஆனால் மறுநாள் பாறையில் எல்லோரையும் விட அழகாகப் போனதும் அதுதான். குட்டி வண்டி, எடை கம்மி, இரண்டு கல்லுக்கு நடுவே ஆட்டுக்குட்டி மாதிரி நுழைந்துவிடும்.

உச்சியில் லெசோட்டோ முத்திரை வாங்கிக்கொண்டு தார்ச் சாலையில் கொதிசெஃபோலா கணவாய்க்கு ஏறினோம். 3,240 மீட்டர். தலை லேசாக வலித்தது, தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சாலையை விட்டுப் பிரிந்து, மேய்ப்பர் குடில்களுக்குப் போகும் ஒரு கல் தடத்தில் இறங்கினோம். இரண்டாவது குறை அங்கே நடந்தது.

பதினொரு வண்டிக்கு வழிகாட்டிகள் இரண்டே பேர். கைவயர்லெஸ் ஆறு. நாங்கள் ஒன்பதாவது வண்டி, எங்களிடம் இல்லை, பத்தாவதிலும் இல்லை. கடைசி வண்டியில் இரண்டாவது வழிகாட்டி இருக்க வேண்டியது, ஆனால் அவர் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு வண்டிக்கு உதவ முன்னால் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் இடது பின்டயரின் பக்கவாட்டைக் கல் கிழித்தது. கையளவு கிழிசல். ஆணி குத்தினால் அடைப்பது போல இதை அடைக்க முடியாது, ஸ்டெப்னி மாட்டித்தான் ஆக வேண்டும். சரிவில் சாய்ந்து நிற்கும் வண்டிக்கு ஜாக்கி வைப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. ஹாரன் அடித்தோம், காற்றில் போய்விட்டது. இருபது நிமிடம் கழித்துத்தான் முன்னால் போனவர்கள் எண்ணிப் பார்த்து, பின்னால் வண்டிகள் குறைகின்றன என்று கண்டுபிடித்தார்கள்.

தலைமை வழிகாட்டி நடந்தே திரும்பி வந்தார். முதலில் மன்னிப்புக் கேட்டார், அப்புறம்தான் டயரைப் பார்த்தார். மேட்டுப் பக்கச் சக்கரங்களுக்குக் கீழே கல் அடைத்து, ஜாக்கிக்கு அடியில் ஒரு தடிப் பலகையைப் போட்டு, அரைமணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார். மாற்றும்போது ஒவ்வொன்றையும் ஏன் செய்கிறார் என்று சொல்லிக்கொண்டே செய்தார். நல்ல மனிதர், அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் இருபது நிமிடம் மலைச்சரிவில் வழிகாட்டி யாருமில்லாமல் நின்றோம், வண்டியில் என் பன்னிரண்டு வயது மகள் இருந்தாள். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பதினொரு வண்டி இரண்டு பேருக்கு மிக அதிகம். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வயர்லெஸ் இல்லாமல் கல் தடத்தில் இறங்கவே கூடாது.

இரண்டாவது வழிகாட்டி லெசோட்டோவின் மொகோட்லோங் பக்கத்துக்காரர், அந்த நாட்டின் பாஸூத்தோ மக்களில் ஒருவர். ஐம்பது வயது இருக்கும். முகாம் போட ஊர்த்தலைவரிடம் அனுமதி வாங்கி வந்தவர் அவர்தான். அவரை எல்லோரும் ந்தாத்தே என்று கூப்பிட்டார்கள். செசோத்தோ மொழியில் பெரிய ஆண்களை மரியாதையாக அழைக்கும் சொல், அப்பா என்றும் பொருள். மாமா அதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "தாத்தாவா சொல்றாங்க?" என்று என்னைக் கேட்டார். அவரும் மாமாவை ந்தாத்தே என்றே கூப்பிட்டார். என் மனைவியை ம்மே என்றார், அது அவர்களுக்கு அம்மா. இந்த இரண்டு சொல்லில் அந்த மனிதர் எங்கள் வீட்டு ஆள் ஆகிவிட்டார்.

இப்போது சாப்பாடு. பதிவு செய்யும்போதே நான்கு பேருக்குச் சைவம் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். சாப்பாட்டுக்குத் தனியாகப் பணமும் கட்டியிருந்தோம். காளான், மக்காச்சோளக் கதிர், பட்டர்நட் பூசணி எல்லாம் வாங்கி வந்திருந்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் சுடுவதற்கு ஒரே கம்பித்தட்டு. அதில் ஏற்கெனவே சாசேஜும் ஆட்டுக்கறியும் வெந்துகொண்டிருந்தது. ஓரமாக வைத்துத் தருகிறோம் என்றார்கள். சைவம் என்பது தட்டில் என்ன இருக்கிறது என்பது மட்டும் இல்லை, எதில் வெந்தது என்பதும்தான் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது. மனைவி கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு அன்று இரவைக் காப்பாற்றியது. மாமா தன் வீட்டு முக்கால் பானையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார், மூன்று கால் வைத்த இரும்புப் பானை, இங்கே பொய்கி என்பார்கள். கிளம்பும்போது எதற்கு இந்தப் பாரம் என்று நான் கேட்டேன். அன்று இரவு அதில் பீன்ஸ் கறி கொதித்தபோது கேட்டதற்கு வருத்தப்பட்டேன்.

மறுநாள் காலை ந்தாத்தே எங்களை ஒரு கல் வீட்டுக்கு அழைத்துப் போனார். வீட்டு வாசலில் நீளக் கழியில் பச்சைத் துணி கட்டியிருந்தது. பச்சைக் கொடி என்றால் காய், கீரை விற்பனைக்கு இருக்கிறது என்று அர்த்தம். சிவப்புக் கொடி இறைச்சிக்கு. அந்த வீட்டு அம்மா கீரை விற்றதோடு விடவில்லை, உட்காரச் சொன்னார். பாப்பா என்று ஒன்று கொடுத்தார்கள், வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய கெட்டிக் களி. கூடவே மொரோஹோ, பொடியாக நறுக்கி வதக்கி மசித்த கீரை. மாமா விரலால் களியை உருட்டிக் கீரையில் தொட்டு வாயில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், அவருடைய ஆயா சாகும்வரை சோளத்தில் இப்படித்தான் கிண்டிப் போட்டாள் என்று சொன்னார். புரட்டாசிக்கு ஒரு பங்கமும் வராத முழுச் சாப்பாடு, கடல் மட்டத்துக்கு இரண்டாயிரத்து எண்ணூறு மீட்டர் மேலே.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. செப்டம்பர் இங்கே வசந்தம் என்று நம்பி மேலே போகாதீர்கள். ராத்திரி குடிதண்ணீர் பாட்டில் உறைந்து கிடந்தது. நிறுவனம் வாடகைக்குக் கொடுத்த தூக்கப்பைகள் கடற்கரை முகாமுக்குச் சரி, இந்த உயரத்துக்குப் போதாது. ந்தாத்தே தன்னிடம் இருந்த கம்பளிப் போர்வையை மாமாவுக்குப் போர்த்தினார். மாமா அதைச் சால்வை மாதிரிக் குறுக்காகப் போட்டுக்கொள்ளப் போனார். அவர் தடுத்து, பிரித்து, போர்வையில் ஓடும் கோடுகள் நெட்டுக்குத்தாக நிற்கும்படி திருப்பிப் போட்டுத் தோளில் ஊசி குத்திவிட்டார். கோடு மேலே நோக்கி நிற்க வேண்டும், அப்போதுதான் ஆள் வளர்வான், படுக்கை வாட்டில் போட்டால் வளர்ச்சி நின்றுவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. எழுபத்தொரு வயதில் இனி வளர்வதற்கு என்ன இருக்கிறது என்று மாமா கேட்கவில்லை. சரியாகப் போட்டுக்கொண்டு தூங்கினார்.

அந்தக் காலைதான் நான் ஆரம்பத்தில் சொன்ன பாறைப் படிக்கட்டு. நடந்து முடித்தபின் மனைவி ஓட்டுகிறேன் என்றாள். வழிகாட்டி அவளுக்கு முன்னால், பாறையில், முகத்தை எங்கள் பக்கம் வைத்துப் பின்னோக்கி நடந்தார். ஒவ்வொரு இடத்திலும் தன் பூட்ஸ் காலை ஒரு கல்லில் வைத்துக் காட்டினார்; அதில் சக்கரம் ஏற வேண்டும். பெரிய கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுவிடலாம் என்றுதான் நமக்குத் தோன்றும். அதுதான் தப்பு. வண்டிக்கு அடியில் தொங்கும் டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி அதில் மோதும். கல்லின் மேலேயே சக்கரத்தை ஏற்றினால் வண்டி முழுதும் உயர்ந்துகொள்ளும். கட்டைவிரலை ஸ்டியரிங்குக்கு உள்ளே மடக்காதே, கல் சக்கரத்தைத் திருப்பினால் விரலை உடைத்துவிடும் என்றார். இரண்டு விரலை ஆட்டினால் வலது, உள்ளங்கையைக் காட்டினால் நில். பின்சக்கரம் ஒன்று காற்றில் சுற்றியபோது இரண்டு பின்சக்கரத்தையும் சேர்ந்து சுழல வைக்கும் டிஃப் லாக் பொத்தானை அழுத்தச் சொன்னார். வண்டி ஒரு உறுமல் உறுமிவிட்டு ஏறியது. ஐம்பது அடிக்குப் பதினொரு நிமிடம். ஒரு கீறல் இல்லை. மனைவி இறங்கியபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு.

இன்னும் இரண்டு ஏற்றம் பாக்கி இருந்தது. அன்று இரவும் மேலேதான் முகாம் என்பது திட்டம். மதியம் ஒரு மணிக்கு வழிகாட்டி மேற்கே பார்த்தார். எனக்கு அங்கே மெல்லிய மேகம் தவிர ஒன்றும் தெரியவில்லை. காற்று திசை மாறிவிட்டது, கூடாரத்தைச் சுருட்டுங்கள், ஆறு மணிக்கு எல்லை மூடும் முன் கீழே இறங்குகிறோம் என்றார். கூட்டத்தில் மூன்று நான்கு பேருக்குக் கோபம் வந்தது. பணம் கட்டியது இரண்டு இரவு மேலே தங்க என்றார்கள். அவர் வாதாடவில்லை. 2024 செப்டம்பரில் பனி விழுந்து என்-3 நெடுஞ்சாலையிலேயே ஆட்கள் வண்டிக்குள் ராத்திரி முழுவதும் மாட்டிக்கொண்டதை நினைவுபடுத்தினார். இரண்டாவது இரவுக்கான பணத்தில் பாதியைத் திருப்பித் தருகிறேன் என்றார், தந்தும் விட்டார்.

சானியில் இறங்குவது ஏறுவதை விடக் கடினம். லோ ரேஞ்ச் முதல் கியரில் போட்டுவிட்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று பிரேக்கிலிருந்து காலை எடுக்க மனசு வரவே வராது. எடுத்துத்தான் ஆக வேண்டும். ஐந்தரைக்குச் சாவடியைத் தாண்டினோம். ஹிமேவில் பக்கத்தில் ஒரு புல்வெளியில் முகாம், வெந்நீர்க் குளியல்.

விடிந்ததும் மகள் கூடாரத்தைத் திறந்து எல்லோரையும் எழுப்பினாள். மலையின் மேல்விளிம்பு முழுவதும், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, வெள்ளை. முந்தின நாள் கோபப்பட்டவர்களில் ஒருவர் காபிக் கோப்பையோடு வழிகாட்டி பக்கத்தில் போய் நின்றார். இருவரும் பேசாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். வழிகாட்டிகளுக்கு முழு மதிப்பெண். வண்டி எண்ணிக்கைக்கும் வயர்லெஸ்ஸுக்கும் சேர்த்து ஒன்று குறைத்தேன். ஏப்ரலில் மறுபடி போகிறோம். ஆறு வண்டிக்கு மேல் இல்லை, ஆளுக்கொரு வயர்லெஸ், சைவத்துக்குத் தனிக் கம்பித்தட்டு என்று எழுதி வாங்கிவிட்டேன். மாமா பானையை இப்போதே எண்ணெய் தடவி வைத்துவிட்டார். ந்தாத்தேவுக்கு என்று ஒரு கிலோ மசாலாப் பொடியும் அரைத்து வைத்திருக்கிறார்.